கோட்டுக்கு வெளியே – 12: உடற்பயிற்சி வாத்தியாரின் அணி

சென்ற அத்தியாயத்தில், 1953 நவம்பரில் ஹங்கேரி அணி வெம்ப்ளிக்கே போய் இங்கிலாந்தை 6-3 என்று புரட்டியெடுத்த கதையைப் பார்த்தோம். எதிரணியின் முன்கள வீரர் பின்னால் இறங்கிப் போனால் கூடவே போவதா, இருந்த இடத்திலேயே நிற்பதா என்று தெரியாமல் அன்றைக்கு இங்கிலாந்தின் பின்கள வீரர்கள் திண்டாடினார்கள். 1956 புரட்சிக்குப் பிறகு அந்த ஹங்கேரி அணி சிதறிப்போனது. ஆனால் வீரர்கள் இடம் மாறி ஆடும் அந்த எண்ணம், கால்பந்து உலகம் அதுவரை திரும்பியே பார்க்காத ஒரு நாட்டில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் மறுபடி தலையெடுத்தது.

அந்த நாடு நெதர்லாந்து. அங்கே அதற்கு உருக்கொடுத்தவர் ரீனுஸ் மிஹெல்ஸ். 'டோட்டல் ஃபுட்பால்' என்றால் உலகம் அவர் பெயரைத்தான் சொல்கிறது. கட்டற்ற சுதந்திரத்தோடு ஆடிய அணிகளின் தந்தை என்று இன்றும் எழுதுகிறார்கள். அவரிடம் ஆடியவர்களுக்கோ அவர் 'ஜெனரல்'. அதிகம் சிரிக்க மாட்டார், சமாதானம் பேச மாட்டார், ஓட்டத்தில் பிந்தியவனை விடமாட்டார். இந்த இரண்டு மிஹெல்ஸ்களும் ஒரே ஆள் ஆனது எப்படி என்பதுதான் இந்த வாரக் கதை.

ஐந்து கோல், ஐந்து தோல்வி

மிஹெல்ஸ் பிறந்தது 1928 பிப்ரவரி 9 அன்று, ஆம்ஸ்டர்டாமில். அதே ஆண்டு ஒலிம்பிக் போட்டிகள் அந்த நகரத்தில்தான் நடந்தன. அதற்காகக் கட்டிய அரங்கத்துக்கு அருகே ஒரு தெருவில்தான் அவர் வளர்ந்தார். சிறுவனாக இருந்தபோது பிறந்தநாள் பரிசாகக் கிடைத்தவை ஒரு ஜோடி கால்பந்து பூட்ஸும் அயாக்ஸ் கிளப்பின் சட்டையும். அந்தச் சட்டையை உண்மையிலேயே போட்டுக்கொண்டு மைதானத்தில் இறங்கியபோது வயது 18. 1946 ஜூனில் ஹேக் நகரத்து ஏ.டி.ஓ. அணிக்கு எதிரான முதல் ஆட்டம். அயாக்ஸ் 8-3 என்று ஜெயித்தது. அதில் ஐந்து கோல் மிஹெல்ஸ் போட்டவை.

உயரமானவர், தலையால் முட்டுவதில் கெட்டிக்காரர், மோதலுக்கு அஞ்சாதவர். நளினத்துக்குப் பெயர்போனவர் அல்ல. 1958 வரை அயாக்ஸுக்காக லீக்கில் 260-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடி 120-க்கும் மேற்பட்ட கோல்கள் போட்டார். 1947-லும் 1957-லும் லீக் பட்டம் வென்ற அணிகளில் இருந்தார். தேசிய அணியில் கிடைத்த வாய்ப்புகள் மொத்தம் ஐந்து. ஐந்திலும் நெதர்லாந்து தோற்றது. ஸ்வீடனிடம் ஒருமுறை 6-1.

இதில் அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. அன்றைய டச்சுக் கால்பந்தின் தரமே அவ்வளவுதான். 1954 வரை அந்நாட்டில் காசு வாங்கிக்கொண்டு ஆடுவதற்கே அனுமதி இல்லை. திறமைசாலிகள் பிரான்ஸுக்கும் இத்தாலிக்கும் போய்விடுவார்கள். மீதியிருப்பவர்கள் பகலில் கடையிலோ அலுவலகத்திலோ வேலை பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வருவார்கள்.

ஆனாலும் அயாக்ஸில் ஒரு நல்ல பழக்கம் ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. ஜாக் ரெனால்ட்ஸ் என்ற ஆங்கிலேயர், இடையிடையே விட்டாலும், 1915-லிருந்து 1947 வரை அந்தக் கிளப்பைப் பயிற்றுவித்தவர். தாக்குதல் ஆட்டம், பந்தைக் கையாளும் திறன், சிறுவர் அணியிலிருந்தே ஒரே மாதிரிப் பயிற்சி என்பவை அவர் போட்டுவைத்த அடித்தளம். மிஹெல்ஸ் அவரிடம் ஆடிய கடைசித் தலைமுறையைச் சேர்ந்தவர்.

முதுகுக் காயம் அவருடைய ஆட்டத்தை முடித்துவைத்தது. உடற்பயிற்சி ஆசிரியருக்கான படிப்பை முடித்து, ஆம்ஸ்டர்டாமில் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளியில் வாத்தியாராகச் சேர்ந்தார். கூடவே ஜே.ஓ.எஸ்., ஏ.எஃப்.சி. ஆகிய உள்ளூர் அமெச்சூர் அணிகளுக்குப் பயிற்சி கொடுத்தார். தன் காலத்துப் பயிற்சியாளர்கள் பலரைப்போல அவரும் ஆடிய அனுபவத்தை மட்டும் நம்பி இந்த வேலைக்கு வந்திருக்கலாம். அவர் ஆசிரியத் தொழிலையும் கற்றுக்கொண்டு வந்தார். அந்த வித்தியாசம் பின்னால் பெரிதாகத் தெரிந்தது.

1965, ஜனவரி

1964-65 பருவத்தில் அயாக்ஸின் நிலைமை படுமோசம். இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிவிடும் அபாயம். ஜனவரியில் ஆங்கிலப் பயிற்சியாளர் விக் பக்கிங்ஹாம் விலக, கிளப் தலைவர் யாப் வான் பிராக்கின் நிர்வாகம் தன் பழைய முன்கள வீரரை அழைத்தது. முதல் ஆட்டத்திலேயே மாஸ்ட்ரிக்ட் அணியை 9-3 என்று வீழ்த்தினார்கள். அப்படியும் பருவ முடிவில் 13-ஆம் இடம்தான் கிடைத்தது. கீழே இறங்காமல் தப்பித்ததே பெரிது.

அடுத்த பருவம் அயாக்ஸ் சாம்பியன். அதற்கடுத்த இரண்டு ஆண்டுகளும் சாம்பியன். ஒன்றரை ஆண்டில் அப்படி என்ன நடந்தது?

முதலில் நேரம். வேலைக்குப் போய்விட்டு மாலையில் ஆடும் வீரர்களால் ஐரோப்பாவை ஜெயிக்க முடியாது என்பதில் மிஹெல்ஸ் உறுதியாக இருந்தார். வீரர்களை முழுநேரத் தொழில்முறைக்குக் கொண்டுவர நிர்வாகத்தை நெருக்கினார். பயிற்சியின் எண்ணிக்கை கூடியது, கடுமையும் கூடியது. பருவம் தொடங்குமுன் முகாம்கள், காட்டுப் பாதைகளில் ஓட்டம். சொன்ன நேரத்துக்கு வராதவனிடம் காரணம் கேட்பதுகூட இல்லை, அபராதம்தான்.

இரண்டாவது ஆட்கள். 17 வயதில், பக்கிங்ஹாம் காலத்திலேயே முதல் அணிக்கு வந்திருந்த யோஹான் க்ரைஃப் அவர் கையில் இருந்தார். இடது ஓரத்தில் பீட் கைசர், வலது ஓரத்தில் ஷாக் ஸ்வார்ட். இவர்களை வைத்துக்கொண்டு 4-2-4 என்ற வரிசையில் தாக்கினார். கோல்கள் குவிந்தன. ஆனால் டச்சு லீக்கில் குவிவது ஐரோப்பாவிலும் குவியுமா என்பது தெரிய வேண்டியிருந்தது.

மூடுபனியில் ஐந்து

1966 டிசம்பர் 7. ஐரோப்பியக் கோப்பையின் இரண்டாம் சுற்றில் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் அரங்குக்கு லிவர்பூல் வந்தது. இங்கிலாந்தின் சாம்பியன் அணி, பயிற்சியாளர் பில் ஷாங்க்லி. அயாக்ஸ் என்ற பெயரை இங்கிலாந்தில் கேள்விப்பட்டவர்களே குறைவு.

அன்று மாலை நகரத்தையே மூடுபனி விழுங்கியிருந்தது. ஒரு கோல் கம்பத்தருகே நின்றால் மறு கம்பம் தெரியாது. இத்தாலிய நடுவர் ஆட்டத்தை நடத்தியே தீருவது என்று முடிவெடுத்தார். அரங்கின் ஒரு பக்கம் உட்கார்ந்தவர்கள் மறுபக்கம் எழும் ஆரவாரத்தைக் கேட்டுத்தான் கோல் விழுந்ததென்று ஊகித்தார்கள். ஸ்வார்ட் சொன்ன ஒரு சம்பவம் இன்றும் ஆம்ஸ்டர்டாமில் ஓடுகிறது. ஏதோ ஒரு விசில் சத்தம் கேட்டு, இடைவேளை என்று நினைத்து அவர் மைதானத்தை விட்டு நடந்திருக்கிறார். ஆட்டம் இன்னும் நடக்கிறது, எங்கே போகிறாய் என்று கிளப் ஊழியர் ஒருவர் விரட்ட, திரும்ப ஓடியிருக்கிறார்.

முடிவு அயாக்ஸ் 5, லிவர்பூல் 1. பனிதான் காரணம் என்றது இங்கிலாந்து. தங்கள் மைதானத்தில் ஏழு கோல் போட்டுத் திருப்பிக் கொடுப்போம் என்றார் ஷாங்க்லி. ஒரு வாரம் கழித்து ஆன்ஃபீல்டில் பனி இல்லை. ஆட்டம் 2-2. அயாக்ஸின் இரண்டு கோலையும் போட்டவர் 19 வயது க்ரைஃப்.

டச்சுக்காரர்கள் இந்த ஆட்டத்தைத் தங்கள் கால்பந்தின் தொடக்கமாகக் கொண்டாடுகிறார்கள். மிஹெல்ஸுக்குப் பாடம் கிடைத்தது அடுத்த சுற்றில். 1967 மார்ச்சில் பிராக் நகரத்து டுக்லா அணியிடம் அயாக்ஸ் வெளியேறியது. தீர்மானகரமான கோல், கேப்டன் ஃப்ரிட்ஸ் சூட்டகாவ் தன் வலைக்குள்ளேயே அடித்தது. அந்த ஆண்டே அவர் அணி மாறிப் போனார். முன்களத்தில் நான்கு சிங்கங்கள் இருந்தாலும் பின்களம் கல்லாக இல்லாவிட்டால் கோப்பை வராது என்று மிஹெல்ஸ் கண்டுகொண்டார். ஏற்கெனவே பார்ட்டிசான் பெல்கிரேடிலிருந்து வந்திருந்த வெலிபோர் வாசோவிச்சைச் சுற்றி ஒரு புதிய தற்காப்பைக் கட்டினார். விம் சூர்பியர், பாரி ஹுல்சாஃப், ரூட் க்ரோல் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள்.

1969-ல் அயாக்ஸ் ஐரோப்பியக் கோப்பையின் இறுதியாட்டத்துக்கே போய்விட்டது. டச்சு அணி ஒன்று அவ்வளவு தூரம் போனது அதுவே முதல்முறை. மாட்ரிடில் மிலான் 4-1 என்று பாடம் புகட்டியது. பியெரினோ பிராட்டி மூன்று கோல். அயாக்ஸ் முன்னேறி வரட்டும் என்று இத்தாலியர்கள் காத்திருந்து, பின்னால் விட்டுவந்த இடத்தில் புகுந்து அடித்தார்கள். மறு ஆண்டு இன்னொரு அடி. உள்நாட்டுப் போட்டியாளரான ரோட்டர்டாமின் ஃபயனூர்ட், எர்ன்ஸ்ட் ஹாப்பல் என்ற ஆஸ்திரியரின் பயிற்சியில், அயாக்ஸுக்கு முன்பாகவே ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கிவிட்டது. ஃபயனூர்டின் நடுக்களத்தில் மூன்று பேர். மிஹெல்ஸிடம் இரண்டே பேர். 1970 வசந்தத்தில் அந்த அணியோடு 3-3 என்று முடிந்த லீக் ஆட்டத்துக்குப் பின் மிஹெல்ஸ் தன் பிரியமான 4-2-4-ஐக் கைவிட்டு 4-3-3-க்கு மாறினார். எதிராளியிடமிருந்து கற்றுக்கொள்வதில் அவருக்கு வெட்கம் இருந்ததில்லை.

எழுபது மீட்டர் கணக்கு

டோட்டல் ஃபுட்பால் என்பது யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் ஆடலாம் என்ற கூத்து அல்ல. அது ஒரு சிக்கலுக்குக் கண்டுபிடித்த விடை. அயாக்ஸ் பலமான அணி ஆனபின் எதிரணிகள் பத்துப் பேரையும் தங்கள் கோலுக்கு முன்னால் நிறுத்தத் தொடங்கின. மூன்று முன்கள வீரர்களை மட்டும் வைத்து அந்தச் சுவரை உடைக்க முடியாது. பின்னாலிருந்து, எதிரணி கணக்கில் வைத்திராத ஆட்கள் வர வேண்டும்.

இடது பின்கள வீரர் க்ரோலை எடுத்துக்கொள்வோம். ஓரமாக எழுபது மீட்டர் ஓடி முன்னே போகிறார். பந்து பறிபோனால் அதே எழுபது மீட்டரும் திரும்ப ஓட வேண்டும். இப்படிப் பத்து முறை ஓடினால் ஆள் காலி. அதற்குப் பதில், அவர் போன நொடியே நடுக்கள வீரர் அவர் இடத்துக்கு இறங்கிவிடுகிறார். முன்கள வீரர் நடுக்களத்துக்கு வருகிறார். ஒவ்வொருவரும் பத்துப் பதினைந்து மீட்டர் நகர்ந்தால் போதும், அணியின் உருவம் குலைவதில்லை. கோல்கீப்பரைத் தவிர எல்லோருக்கும் இரண்டு மூன்று இடங்களின் வேலை தெரிந்திருக்க வேண்டும் என்பது இதிலிருந்து வரும் நிபந்தனை.

இதன் மறுபாதி, பந்து இல்லாதபோது. பந்தை இழந்த இடத்திலேயே நான்கைந்து பேர் சேர்ந்து பாய்ந்து பறிப்பது. பின்களம் நடுக்கோட்டுக்கு அருகே ஏறி வந்து, எதிரணியின் முன்கள வீரர்களை ஆஃப்சைடில் மாட்டவைப்பது. ஒருவன் அரை நொடி பிந்தினாலும் பின்னால் பரந்த வெளி. மாட்ரிடில் நடந்ததுதான் மறுபடி நடக்கும். அந்த அரை நொடிக்காகத்தான் அத்தனை ஓட்டமும் அத்தனை அபராதமும். பார்ப்பவர்களுக்கு வீரர்கள் மனம்போல ஆடுவதாகத் தோன்றியது, வாத்தியார் மறுபடி மறுபடி செய்யவைத்துப் பழக்கியது.

1971 ஜூன் 2, வெம்ப்ளி. ஃபெரென்க் புஷ்காஷ் பயிற்றுவித்த கிரேக்க அணியான பனதினைகோஸை 2-0 என்று வென்று அயாக்ஸ் முதல் ஐரோப்பியக் கோப்பையைப் பெற்றது. ஹங்கேரியின் அந்த 6-3 வெற்றியில் கோல் போட்டவரே எதிரணிப் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, அவர் காலத்து எண்ணம் அதே மைதானத்தில் வேறு சட்டை போட்டுக்கொண்டு ஜெயித்தது.

கோப்பை கைக்கு வந்ததும் மிஹெல்ஸ் பார்சிலோனாவுக்குக் கிளம்பிவிட்டார். அவருக்கு முன் அங்கே இருந்தவரும் அதே விக் பக்கிங்ஹாம்தான்! அயாக்ஸை எடுத்துக்கொண்ட ஸ்டெஃபான் கோவாச் பிடியைத் தளர்த்தினார். வீரர்கள் மூச்சுவிட்டார்கள், 1972, 1973 என்று மேலும் இரண்டு ஐரோப்பியக் கோப்பைகள் வந்தன. ஆனால் 1973 கோடையில் வீரர்கள் வாக்களித்து க்ரைஃபை இறக்கிவிட்டுக் கைசரைக் கேப்டன் ஆக்கினார்கள். மனம் கசந்த க்ரைஃப் போய்ச் சேர்ந்த இடம் பார்சிலோனா, பழைய ஜெனரலிடம். அவர் வந்தபின் 1974 பிப்ரவரியில் ரியல் மாட்ரிடை அவர்கள் மண்ணிலேயே 5-0 என்று சாய்த்தார்கள். 1960-க்குப் பிறகு முதல்முறையாக லீக் பட்டம் பார்சிலோனாவுக்கு வந்தது.

மியூனிக், முதல் முறை

1974 உலகக் கோப்பைக்கு நெதர்லாந்து தகுதி பெற்றதே அதிர்ஷ்டத்தில். பெல்ஜியத்தோடு நடந்த கடைசித் தகுதியாட்டத்தின் இறுதி நிமிடங்களில் பெல்ஜியம் போட்ட நியாயமான கோலை ஆஃப்சைடு என்று நடுவர் தள்ளினார். பயிற்சியாளர் ஃபாட்ரோங்க்கின் இடத்துக்கு மேலே மிஹெல்ஸைக் கொண்டுவந்தது டச்சுக் கால்பந்துச் சங்கம். பார்சிலோனா வேலையை விடாமலேயே அவர் வந்தார். கையிலிருந்த அவகாசம் சில வாரங்கள்.

ஹுல்சாஃப் காயத்தில் இல்லை. மிஹெல்ஸ் இன்னொரு பின்கள வீரரைத் தேடி அலையவில்லை. நடுக்கள வீரரான ஆரி ஹானைப் பின்னே நிறுத்தினார். பந்தைப் பின்னாலிருந்தே நன்றாகத் தொடங்க ஓர் ஆள் கிடைத்தது. கோல்கீப்பர் தேர்வு அதைவிட வினோதம். 33 வயது யான் யோங்ப்ளூட், எஃப்.சி. ஆம்ஸ்டர்டாம் என்ற சிறிய கிளப்பைச் சேர்ந்தவர். சட்டை எண்கள் பெயர்வரிசைப்படி கொடுக்கப்பட்டதால் முதுகில் 8. அவரைவிடப் பாய்ந்து பிடிப்பதில் வல்லவர்கள் நாட்டில் இருந்தார்கள். ஆனால் பின்களம் ஏறி நிற்கும்போது பின்னால் திறந்து கிடக்கும் வெளியைக் காக்க, கோலை விட்டு வெளியே ஓடிவந்து காலால் பந்தை அடிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். அந்த வேலைக்கு யோங்ப்ளூட்தான் பொருத்தம்.

உருகுவே 2-0, பல்கேரியா 4-1, அர்ஜென்டினா 4-0, பிரேசில் 2-0. உருகுவே வீரர் ஒருவர் பந்தோடு நிமிர்வதற்குள் ஐந்து ஆரஞ்சுச் சட்டைகள் சூழ்ந்துகொள்வதை உலகம் தொலைக்காட்சியில் கண்டு வியந்தது.

ஜூலை 7, மியூனிக் ஒலிம்பிக் அரங்கம். மேற்கு ஜெர்மனியோடு இறுதியாட்டம். பந்தைத் தொடங்கிய டச்சு வீரர்கள் தங்களுக்குள்ளேயே மாற்றிக்கொண்டிருக்க, க்ரைஃப் திடீரென்று பாய்ந்தார், ஊலி ஹோனஸ் தடுக்கி விழவைத்தார், பெனால்டி. யோஹான் நீஸ்கென்ஸ் அடித்தது கோல். ஜெர்மானியர் ஒருவர் முதன்முதலில் பந்தைத் தொட்டது அதை வலைக்குள்ளிருந்து எடுத்தபோதுதான்.

அதன்பின் நெதர்லாந்து இரண்டாவது கோலைத் தேடவில்லை. பந்தை வைத்துக்கொண்டு வேடிக்கை காட்டியது. ப்ரைட்னரின் பெனால்டி, கெர்ட் முல்லரின் கோல், இடைவேளைக்குள் 1-2. அதற்குமேல் ஸ்கோர் மாறவில்லை. மிஹெல்ஸின் கணக்கும் ஓரிடத்தில் தவறியிருந்தது. பிரேசில் ஆட்டத்தில் காயம்பட்ட ராப் ரென்சன்பிரிங்க்கை முழுதாகக் குணமாகாமலேயே இறக்கினார். இடைவேளையோடு அவரை வெளியே எடுக்க வேண்டியதாயிற்று.

மியூனிக், இரண்டாம் முறை

அதற்குப் பிறகான பத்தாண்டுகளை வேகமாகக் கடந்துவிடலாம். அயாக்ஸில் ஓர் ஆண்டு, மறுபடி பார்சிலோனா, அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் ஆஸ்டெக்ஸ், பிறகு ஜெர்மனியின் கொலோன். கொலோன் அணி 1983-ல் ஜெர்மன் கோப்பையை வென்றது. 1984-ல் டச்சுச் சங்கம் அவரைத் திரும்ப அழைத்தது. இடையில் இதய அறுவைச் சிகிச்சை. அவர் ஒதுங்கியிருந்த காலத்தில் 1986 உலகக் கோப்பைக்கு நெதர்லாந்து தகுதி பெறவில்லை.

1988 ஐரோப்பியப் போட்டிக்கு ஜெர்மனிக்குப் போனபோது மிஹெல்ஸுக்கு 60 வயது. கையிலிருந்தவர்கள் கல்லிட், ரைகார்ட், ரொனால்ட் குமான், வான் பாஸ்டன். 4-3-3-ன் தந்தை இந்த முறை இறக்கியது 4-4-2. கல்லிட் ஓரத்தில் கட்டிப்போட வேண்டிய ஆள் அல்ல, நடுவில் திரிய வேண்டியவர் என்று பார்த்தார். வரிசையை அவருக்கேற்ப மாற்றினார்.

முதல் ஆட்டத்தில் சோவியத் யூனியனிடம் 0-1. அன்று வான் பாஸ்டன் பெஞ்சில். கணுக்கால் அறுவைச் சிகிச்சையால் அந்தப் பருவம் மிலானுக்காக அதிகம் ஆடாதவர். தோல்விக்குப் பின் மிஹெல்ஸ் அவரை முதல் பதினொன்றில் சேர்த்தார். இங்கிலாந்துக்கு எதிராக மூன்று கோல். அயர்லாந்தோடு டிரா ஆனால் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்ற நிலையில், எட்டு நிமிடம் மீதமிருக்க விம் கீஃப்ட்டின் தலையில் பட்டு ஒரு கோல் விழுந்தது. ஹாம்பர்க்கில் அரையிறுதி, எதிரே மேற்கு ஜெர்மனி. முதலில் பின்தங்கி, குமானின் பெனால்டியால் சமன் செய்து, 88-ஆம் நிமிடத்தில் வான் பாஸ்டன் சரிந்தபடியே அடித்த பந்து வலையின் மூலைக்குப் போனது. 1974-ன் கடன் தீர்ந்தது என்று நெதர்லாந்தே தெருவுக்கு வந்து கூத்தாடியது.

ஜூன் 25 இறுதியாட்டம், அதே மியூனிக் ஒலிம்பிக் அரங்கம், எதிரே மறுபடி சோவியத் அணி. அதன் பயிற்சியாளர் வலேரி லோபனோவ்ஸ்கி, பந்தைக் கூட்டாகப் பறிக்கும் கலையைக் கீவ் நகரத்தில் தன் போக்கில் வளர்த்தவர். கல்லிட் தலையால் ஒன்று. பிறகு 54-ஆம் நிமிடம், ஆர்னல்ட் மூரன் இடது பக்கத்திலிருந்து உயரத் தூக்கிய பந்து. வலது ஓரத்தில், கோல் கோட்டை ஒட்டி, எவரும் கோல் அடிக்க நினைக்காத கோணத்தில் நின்ற வான் பாஸ்டன் அதைத் தரையில் விழவிடாமல் அடித்தார். கோல்கீப்பர் தசாயெவின் தலைக்கு மேலே போய் எதிர்மூலையில் இறங்கியது. கோட்டுக்கு வெளியே நின்ற மிஹெல்ஸ் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். கல்முகக்காரர் என்று பெயரெடுத்தவர் அப்படி நின்றது தொலைக்காட்சியில் பதிவாகியிருக்கிறது. 2-0. நெதர்லாந்து ஆண்கள் அணி இதுவரை வென்ற ஒரே பெரிய கோப்பை அது.

கறையும் கணக்கும்

கதை இங்கேயே முடிந்திருந்தால் எவ்வளவோ அழகு. 1990 உலகக் கோப்பைக்குமுன் டச்சு வீரர்கள் வாக்கெடுப்பு நடத்தி, க்ரைஃப்தான் பயிற்சியாளராக வேண்டும் என்றார்கள். சங்கத்தில் அப்போது முடிவெடுக்கும் இடத்தில் இருந்த மிஹெல்ஸ், லியோ பேன்ஹாக்கரை நியமித்தார். ஐரோப்பிய சாம்பியனாகப் போன அணி ஓர் ஆட்டத்தைக்கூட வெல்லாமல் திரும்பியது. க்ரைஃப் தன் வாழ்நாளில் நெதர்லாந்தைப் பயிற்றுவிக்கவே இல்லை. தான் வளர்த்த பிள்ளைக்கு வாசலை அடைத்தவர் என்ற பழி மிஹெல்ஸைவிட்டுப் போகவில்லை. அவரே பொறுப்பேற்ற 1992 ஐரோப்பியப் போட்டியில் அரையிறுதி வரை போய், பெனால்டிகளில் டென்மார்க்கிடம் தோற்றபின் ஓய்வு பெற்றார். 1999-ல் ஃபிஃபா அவரை நூற்றாண்டின் சிறந்த பயிற்சியாளர் என்று அறிவித்தது. 2005 மார்ச் 3 அன்று, 77 வயதில், பெல்ஜியத்தில் காலமானார்.

அவர் பெயரில் ஒரு சித்தாந்தத்தையே எழுப்பிவிட்டார்கள். 4-3-3 என்றால் புனிதம், மற்றதெல்லாம் துரோகம் என்று வாதாடுபவர்கள் இன்றும் ஆம்ஸ்டர்டாமில் உண்டு. மிஹெல்ஸோ 4-2-4-ல் தொடங்கி, தோற்றபோது 4-3-3-க்கு வந்து, 4-4-2-ல் கோப்பையைத் தூக்கியவர். யார் கிடைத்திருக்கிறார்கள், எதிரே யார், எங்கே ஓட்டை என்று பார்த்து ஒவ்வொரு முறையும் அணியைப் புதிதாக அடுக்கினார். மாறாமல் வைத்திருந்தது பயிற்சியின் கண்டிப்பை மட்டும்.

சித்தாந்தமாக அதை நம்பியவர், நம்பி அதைக் கட்டியெழுப்பியவர் வேறொருவர். மிஹெல்ஸ் மியூனிக்கில் கோப்பையைத் தூக்கிய அதே 1988 கோடையில், கடனிலும் கலகத்திலும் கிடந்த பார்சிலோனாவின் பயிற்சியாளர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார் யோஹான் க்ரைஃப். ஜெனரலிடம் ஓடப் பிடிக்காத மாணவன் வாத்தியாரானபோது என்ன செய்தார் என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)